ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் வழியில், குன்றை ஒட்டி வேர்க்கடலை போட்டிருந்த பெரியவர் ஒருவர் தன் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது அவர் அப்பா காலத்துத் துப்பாக்கி, உரிமம் உண்டு. கரிமருந்தைக் குழல் வாயில் கொட்டினார். தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்து, நீளக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்கினார். ஈயக் குண்டுகளைப் போட்டார். மறுபடி நார், மறுபடி குத்து. கடைசியில் கேப்பைப் பொருத்தினார். முழுசாக ஒரு நிமிடம் ஆயிற்று. சுட்டால் ஒரே வெடி. அடுத்த வெடிக்கு மறுபடி ஒரு நிமிடம்.

அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளாக நடக்கும் மேகசின் (தோட்டாக் கூடு) விவாதம் இந்த இடைவெளியைப் பற்றியதுதான். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களை அங்கே 1994-இல் தடை செய்தார்கள். 2004-இல் அந்தச் சட்டம் காலாவதியானது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் அந்த 10-ஐ இன்றும் விடாமல் பிடித்திருக்கின்றன.

நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு பக்கமாக வருகிறது. விசையிலிருந்து விரலை எடுக்கும்வரை, அல்லது மேகசின் காலியாகும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கியைத் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. பயிர்க் காவலுக்கு உரிமம் கேட்பவருக்கு 13-ஆம் பிரிவு காட்டுவது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரிக்குத் தோன்றினால்தான் வேறு வகை. அதாவது, பெரியவரின் கையில் இருந்ததன் கொள்ளளவு ஒன்று. அமெரிக்கா பத்தா முப்பதா என்று அடித்துக்கொள்ளும்போது, நம் உழவருக்குச் சட்டம் முதலில் காட்டும் எண் ஒன்றுதான்.

மேகசினுக்கு எண் போடும் கட்டுப்பாட்டின் பலம் எனக்கு ஐயமில்லாமல் தெரிகிறது. 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில், கூட்டத்தில் புகுந்து சுட்டவனிடம் 33 தோட்டா மேகசின் இருந்தது. ஆறு பேர் செத்தார்கள். அது தீர்ந்து அடுத்ததை மாட்டப் போன நொடியில், ஒரு பெண் அந்த மேகசினைப் பறித்துக்கொண்டார். மற்றவர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். 10-லேயே தீர்ந்திருந்தால் அந்த நொடி எவ்வளவு முன்னால் வந்திருக்கும்! முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்லும் ஊர்க்காரன் நான். சுடுபவனின் சினம் தணியாவிட்டாலும், எதிரே நிற்பவர் ஓடவோ பாயவோ ஓர் இடைவெளி வேண்டும்.

மறுப்பவர்கள் சொல்வதையும் தள்ள முடியாது. பழகிய கைக்கு மேகசின் மாற்ற இரண்டு மூன்று நொடி போதும். ஏற்கெனவே விற்றுப்போனவை வீடுகளில் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. 2017-இல் லாஸ் வேகாஸ் விடுதி அறையிலிருந்து சுட்டவன் இருபதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அடுக்கி வைத்திருந்தான். ஒன்று தீர்ந்தால் இன்னொன்றை எடுக்கலாம். மேகசினுக்கு மட்டும் எண் போட்டால் எங்கே ஓட்டை விழும் என்பதற்கு அதுவே சாட்சி. நாம் 2019 திருத்தத்தில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததை இந்தக் காரணத்துக்காகவே நான் வரவேற்கிறேன். தோட்டாவையும் எண்ண வேண்டும், துப்பாக்கியையும் எண்ண வேண்டும்.

ஆனால் எண்ணுவதோடு கடமை முடிந்தது என்று அரசு கையைத் துடைத்துக்கொள்வதுதான் குறை. பெரியவரின் துப்பாக்கி, கடலையைத் தின்ன வரும் காட்டுப்பன்றியைக் கொல்வதற்கல்ல, விரட்டுவதற்கு. வனவிலங்குச் சட்டப்படி அவரே அதைச் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. குன்றடியிலேயே நிலம் உள்ளவருக்கு அதனால் என்ன பயன்? சத்தமும் போதாமல், நஷ்ட ஈடும் நேரத்துக்கு வராமல் போனால், சிலர் மின்வேலிக்கும் அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடிக்கும் போகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. நாட்டுத் துப்பாக்கியில் ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே ஒரு நிமிடம் இருக்கிறது. மின்வேலியில் அது இல்லை. யார் மிதித்தாலும், பக்கத்து நிலத்துக்காரரே மிதித்தாலும், அது சுடும்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. எண்ணப்படுவது பெரியவருடையது. தேர்தல் என்றால் முதலில் காவல் நிலையத்துக்குப் போவதும் அதுவே. தேர்தல் காலத்தில் துப்பாக்கிகளை வாங்கி வைப்பது சரி. ஒற்றை வெடித் துப்பாக்கிக்கும் பிஸ்டலுக்கும் ஒரே தராசு வைப்பது சரியல்ல. யாருடையதை வாங்குவது என்று பார்த்து முடிவு செய்யக் குழு உண்டு. அது ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்கட்டும்.

2024-இல் மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்தார்கள். நம் பக்கம் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-லேயே முடிந்தது; எண்ணிக்கை ஜூன் 4. கடலை முற்றி நின்ற நாட்களில் துப்பாக்கி நிலையத்தில் இருந்தது. பெரியவர் பரண்மேல் உட்கார்ந்து, விடிய விடிய எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டிருந்தார்.