ஃபிலிப் ஃபார்காசின் ஹார்ன் கற்பித்தல்: அனுபவ அறிவும் சான்றறிவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஹார்ன் கலைஞரும் பல்கலைக்கழக இசைப் பேராசிரியருமான ஃபிலிப் ஃபார்காஸ் (1914–1992) எழுதிய மூன்று நூல்களை இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. இசைக்குழு அனுபவத்திலிருந்து அவர் வகுத்த விதி ஒன்று அவருடைய கள ஆய்வாலேயே திருத்தம் பெற்றதை எடுத்துக்காட்டி, அத்திருத்தத்தின் பயனையும் எல்லையையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஹார்ன், உதட்டமைவு, இசைக் கற்பித்தல், ஃபார்காஸ், காற்றின் திசை

முன்னுரை

மேலைச் செவ்வியல் இசையின் காற்றுக்கருவிகளுள் ஹார்ன் வாசித்தற்கு அரியது எனப் பெயர்பெற்றது. அதற்கான காரணம் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. எஃப் சுருதி ஹார்னின் குழாய் ஏறத்தாழ 12 அடி நீளமுடையது. இத்துணை நீண்ட குழாயில் இயல்பாக எழும் சுரங்கள் மேல் ஸ்தாயியில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. உதட்டின் இறுக்கம் சிறிது பிறழ்ந்தாலும் வேண்டிய சுரத்திற்குப் பதிலாக அதன் அண்டைச் சுரம் ஒலித்துவிடும். வால்வுகளை விரல்கள் சரியாக அழுத்தியிருப்பினும் இப்பிழை நேரும். எனவே ஹார்ன் கற்பித்தலின் தலையாய சிக்கல் விரலைப் பற்றியதன்று, உதட்டைப் பற்றியது. அவ்வுதடோ ஊதுவாயின் விளிம்புக்குள் மறைந்துள்ளது. ஆசிரியர் தம் கண்ணால் காணாத ஒன்றைக் கற்பிக்க வேண்டியவராகிறார். இந்நெருக்கடியை ஃபார்காஸ் எதிர்கொண்ட முறையே அவருடைய கற்பித்தல் வாழ்வை மதிப்பிடுதற்குரிய அளவுகோலாகும்.

இசைக்குழுவிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

சிகாகோவில் பிறந்த ஃபார்காஸ், அந்நகரின் ஹார்ன் ஆசிரியர் லூயி டுஃப்ரேனிடம் பயின்றார். கேன்சஸ் சிட்டி இசைக்குழுவில் பணியாற்றிய பின், 1936இல் தமது 22ஆம் வயதில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவின் முதல் ஹார்ன் கலைஞரானார். இடையில் கிளீவ்லாந்து, பாஸ்டன் இசைக்குழுக்களில் வாசித்து, 1947இல் மீண்டும் சிகாகோவுக்குத் திரும்பினார். 1960இல் இசைக்குழுவை விட்டு விலகி, புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தார். ஹோல்ட்டன் நிறுவனம் அவர் பெயர் தாங்கிய ஹார்ன் வகையை வெளியிட்டதும் அவருடைய செல்வாக்குக்குச் சான்றாகும்.

அனுபவம் விதியாதல்

பிரெஞ்சு ஹார்ன் வாசிப்புக் கலை பற்றிய அவருடைய நூல் 1956இல், அவர் இசைக்குழுவில் பணியாற்றிய காலத்தில், வெளிவந்தது. ஊதுவாய் மேலுதட்டில் மூன்றில் இரண்டு பங்கும் கீழுதட்டில் ஒரு பங்குமாக அமைய வேண்டும் என்பதும், உதட்டைக் குவிக்கும் தசைகளும் புன்னகையில் விரிக்கும் தசைகளும் ஒன்றையொன்று ஈர்த்துச் சமநிலை கொள்ள வேண்டும் என்பதும் அந்நூலின் புகழ்பெற்ற கருத்துகள். ஆசிரியர் வாய்மொழியாக வழங்கிய நுட்பங்களைப் படத்துடனும் காரணத்துடனும் எழுத்தில் நிறுத்தியது அந்நூலின் சாதனை. ஆசிரியர் அருகில் இல்லாத மாணவருக்கும் அது வழிகாட்டியது.

1962இல் வெளியான பித்தளைக் கருவி வாசிப்புக் கலை பற்றிய நூலில் ஃபார்காஸ் மேலும் ஓரடி சென்றார். கீழ்த்தாடையை முன்கொணர்ந்து மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் நேராக்கினால் காற்று ஊதுவாயின் நடுத்துளைக்குள் நேரே செல்லும். அதுவே முறை என அந்நூல் வாதிட்டது. காற்றைக் கீழ்நோக்கிச் செலுத்தி ஊதுவாயின் உட்சுவரில் மோதவிடுவது பொருந்தாது என்பது அதன் தருக்கம். இவ்வாதம் கேட்போரை எளிதில் இணங்கச் செய்யும். ஆனால் அதற்கு அடிப்படையானது கருவியின் வடிவம் பற்றிய ஊகமேயன்றி, கலைஞர்கள் உண்மையில் ஊதும் முறை பற்றிய சான்று அன்று.

சான்று விதியைத் திருத்துதல்

1970இல் அவர் வெளியிட்ட மூன்றாம் நூல், தேர்ந்த ஹார்ன் கலைஞர்கள் 40 பேரின் உதட்டமைவைப் பற்றிய ஒளிப்பட ஆய்வாகும். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் காற்றைக் கீழ்நோக்கியே செலுத்தினர். எட்டாண்டுகளுக்கு முன் தாம் பொருந்தாது என ஒதுக்கியதே வல்லுநரின் வழக்கமாக இருந்ததை ஃபார்காஸ் கண்டு, தம் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

இத்திருத்தம் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. ஒன்று, தலைசிறந்த கலைஞரும் தம் வாசிப்பு பற்றிக் கூறும் விளக்கம் அவ்வாசிப்பின் சான்றாகிவிடாது. செய்யும் திறனும் செய்வதை விளக்கும் திறனும் வேறுவேறு. மற்றொன்று, ஒருவரின் அனுபவத்தால் எட்ட முடியாத முடிவைப் பலரின் ஒப்பீடு எட்டுவித்தது. இசைக்குழுக் கலைஞர் ஆய்வாளராக மாறியதை 1960ஆம் ஆண்டின் பணிமாற்றத்தைவிட 1970ஆம் ஆண்டின் நூலே தெளிவாகக் காட்டுகிறது.

ஆய்வின் எல்லைகள்

ஒளிப்பட ஆய்வுக்கும் குறைகள் உண்டு. அசையாப் படம் ஒரு கணத்தின் உதட்டைக் காட்டும். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு உதடு நகர்வதைக் காட்டாது. ஹார்னின் இடர்ப்பாடோ அந்நகர்விலேயே உள்ளது. பெரும்பான்மை வழக்கை விதியாக்கும் இடரும் இதில் அடங்கியுள்ளது. பல்லமைப்பும் தாடையமைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். காற்றின் திசையைக் கருத்திற்கொண்டு உதட்டமைவுகளை வகைப்படுத்திய டிராம்போன் ஆசிரியர் டொனால்ட் ரைன்ஹார்ட், மேல்நோக்கி ஊதுவோரையும் பிழைபட்டோராகக் கருதாது தனி வகையினராக ஏற்றார். அவ்வகையைச் சேர்ந்த மாணவரிடம் மூன்றில் இரண்டு பங்கு என்னும் அளவை வற்புறுத்தினால், அவருடைய இயல்பான வாசிப்பே குலையக்கூடும்.

சிகாகோ இசைக்குழுவில் ஃபார்காசுடன் பணியாற்றிய டியூபா கலைஞர் ஆர்னால்டு ஜேக்கப்ஸ் வேறு வழியை மேற்கொண்டார். தசையைக் கவனிப்பதை விடுத்து, மனத்தில் ஒலிக்கும் இசையையும் மூச்சின் ஓட்டத்தையும் அவர் முன்னிறுத்தினார். ஒரே மேடையில் வாசித்த இருவரிடமிருந்து இருவேறு கற்பித்தல் நெறிகள் தோன்றியமை, வாசிப்பின் சிறப்பு தனியொரு கோட்பாட்டுக்குச் சான்றாகாது என்பதை மேலும் வலுப்படுத்துகிறது.

முடிவுரை

1962ஆம் ஆண்டு நூல் இன்றும் பயிலப்படுகிறது. அதை மட்டும் கற்கும் மாணவர், அதன் ஆசிரியரே கைவிட்ட கருத்தை விதியாகக் கொள்ளக்கூடும். எனவே ஃபார்காசின் நூல்களைத் தனித்தனிக் கையேடுகளாகக் கொள்ளாமல், 1956, 1962, 1970 என்னும் வரிசையில் ஒரே ஆய்வின் மூன்று கட்டங்களாகக் கற்பிப்பதே பொருந்தும். அவ்வாறு கற்பிக்கும்போது உதட்டை வைக்கும் முறையுடன், அம்முறை பற்றிய கூற்றைச் சோதித்துப் பார்க்கும் முறையும் மாணவரைச் சென்றடையும். கலைஞர்களைப் பேராசிரியர்களாக அமர்த்தும் இசைத்துறைகளுக்கு ஃபார்காசின் பணிவாழ்வு வழங்கும் பயன் இதுவே.