விரல் நுனியில் ஒரு நிலை

1832-இல் பாரிஸ் மேடையில் 'லா சில்ஃபீட்' பாலே ஆடிய மாரி தாக்லியோனியின் காலணியில் இன்றுள்ள கெட்டி முனை கிடையாது. சாட்டின் துணியும் தையலும்தான். விரல் நுனியில் நின்றபோது உடலைத் தாங்கியது அவருடைய பாதம்.

இன்று துணியும் காகிதமும் பசையுமாக அடுக்கி இறுக்கிய முனை வந்துவிட்டது. ஆனாலும் பாரம் பாதத்துக்கே. நாற்பது வயதில் பாலே பழகுவோருக்கு எலும்பு வளர்ந்து முடிந்திருப்பது சாதகம். தசைநார்கள் பதப்படத்தான் நாள் பிடிக்கும். அதற்காகச் சுவரோரக் கைப்பிடியைத் தொட்டபடி ஒற்றைக் காலில் குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குகிறார்கள். கணுக்கால் சாயக்கூடாது, விரல்கள் மடங்கக்கூடாது. அந்த இறக்கம்தான் என்ன அழகு! கெண்டைக்கால் நடுங்கும், அடிவயிறும் இடுப்பும் உடலை நேராகப் பிடித்து நிறுத்தும்.

இது கைவந்த பிறகே நல்ல ஆசிரியர் கெட்டி முனைக் காலணியை அனுமதிப்பார். அதுவும் இரு கையும் கைப்பிடியில், சில நிமிடங்கள் மட்டும்.