எபோலிக்கு அப்பால்

உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் தென் இத்தாலியின் பசிலிக்காத்தா மாநிலத்தை எட்டிப் பார்ப்பது அரிது. மழைநீர் அரித்த வெண்களிமண் மேடுகளும் குன்றுச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்களுமே அதன் முகம். அம்முகத்தை உலகறியச் செய்த நூல், 1945இல் வெளிவந்த 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்'.

நூலாசிரியர் கார்லோ லேவி, துரின் நகர யூதர். மருத்துவம் கற்ற ஓவியர். முசோலினி ஆட்சியை எதிர்த்தமையால் 1935இல் அம்மாநிலத்தில் காவல் வாசத்துக்கு அனுப்பப்பட்டு, அலியானோ என்னும் ஊரில் வாழ்ந்தார். சாலையும் இருப்புப்பாதையும் கடலோரத்தை விட்டு உள்நாட்டுக்குத் திரும்பும் ஊர் எபோலி. கிறிஸ்து அதுவரைதான் வந்தார் என்பது அவ்வுழவர்களின் வழக்கு. அவர்கள் பேச்சில் 'கிறிஸ்தவன்' என்றால் 'மனிதன்' என்று பொருள். நாங்கள் மனிதராகவே எண்ணப்படவில்லை என்பதுதான் அவ்வழக்கில் பொதிந்த முறையீடு.

மத்தேரா நகரின் குகை வீடுகளைப் பற்றிய பகுதி நூலின் சிகரம். லேவியின் சகோதரி அங்குக் கண்ட சிறுவர்கள் காசு கேட்கவில்லை. மலேரியாவுக்குக் கொயினா மருந்து கேட்டார்கள். மிகையின்றி எழுதப்பட்ட இவ்வரிகளே நம்மை உலுக்குகின்றன.

ஊர்க் குருவைப் பற்றிய பக்கங்களைக் குருவாகிய நாம் நாணத்தோடு வாசிக்கிறோம். கற்றறிந்தவர், கைவிடப்பட்டுக் குடியில் விழுந்தவர். எனினும் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில், ஆப்பிரிக்கப் போர்முனையிலிருந்து ஊர் இளைஞன் எழுதிய மடலைப் படித்து, அமைதியைப் போதிக்கிறார். ஊர்த்தலைவர் சினம் கொள்கிறார். வீழ்ந்த மனிதரின் வாயிலும் நற்செய்தி சாகவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய ஆசிரியரின் நேர்மை போற்றத்தக்கது.

ஓரிடத்தில் மட்டும் நாம் அவரோடு உடன்படவில்லை. வீடுதோறும் தொங்கிய வியஜ்ஜானோ நகர்க் கருநிற அன்னையின் படம், அவருக்குக் கிறிஸ்துவுக்கும் முந்திய மண் தெய்வமாகவே தோன்றுகிறது. காய்ச்சலில் கிடக்கும் மகவை மடியிலேந்திய தாய், அப்படத்தை நோக்கி விடும் பெருமூச்சை மந்திர நம்பிக்கை என்று ஒதுக்க நம்மால் இயலாது. மத்தேராவின் பாறைகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கோவில்களைக் குடைந்து, சுவர்களில் புனிதர்களைத் தீட்டியவர்கள் அம்மண்ணில் வாழ்ந்தவர்களே அன்றோ!

1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறத்தாழ 15,000 பேர் அக்குகைகளிலிருந்து குடிபெயர்க்கப்பட்டனர். 1964இல் பசோலினி தம் மத்தேயு நற்செய்தித் திரைப்படத்தில் அந்நகரையே எருசலேமாக்கினார். 1993இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இன்று அக்குகைகள் பலவும் விடுதிகள்; அன்று மருந்துக்குக் கையேந்திய தெருக்களில் பயணிகள் படம் பிடிக்கின்றனர். அழகை இரசிப்பது பிழையன்று. அங்கு வாழ்ந்தவர்களை மறந்து இரசிப்பதே பிழை.

2022 செப்டம்பர் 25 அன்று, நற்கருணை மாநாட்டின் நிறைவுத் திருப்பலிக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் மத்தேரா வந்தார். அந்த ஞாயிறின் நற்செய்தி, செல்வரும் இலாசரும் உவமை. லேவியின் நூலுக்கு அதனினும் பொருத்தமான உரை வேறில்லை. கிறிஸ்து எபோலியில் நிற்கவில்லை. அதற்கு அப்பால், புண்களோடு வாயிலருகே கிடந்தார். நின்றுவிட்டவர்கள் நாம்.