எதைக் கொடுத்தார்கள்? தமிழ்க் கிறித்தவ பக்தி இலக்கியத்தில் ஒப்புக்கொடுத்தல்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய கருத்தரங்குகளில் ஒரு கூற்று தவறாமல் ஒலிக்கிறது: கிறித்தவத் தமிழ்ப் பக்தி என்பது ஆழ்வார், நாயன்மார் பாடல்களைப் பெயர் மாற்றி எழுதியது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. இதைப் பாராட்டாகச் சொல்வோர் மண்ணோடு ஒட்டிய சமயம் என்று மகிழ்கிறார்கள். பழியாகச் சொல்வோர் இரவல் சரக்கு என்று தள்ளுகிறார்கள். இரு சாராரும் பார்ப்பது வடிவத்தைத்தான். பதிகம், அந்தாதி, குறவஞ்சி, அம்மானை, கலம்பகம் ஆகியவற்றைக் கிறித்தவப் புலவர்கள் கையாண்டது உண்மை. ஆனால் பக்தி இலக்கியத்தை எடைபோட வடிவம் போதாது; அடியவன் எதைக் கொடுக்கிறான், ஏன் கொடுக்கிறான் என்ற கேள்வி வேண்டும். பெரியபுராணத்தின் பல கதைகளில் இறைவன் மாறுவேடத்தில் வந்து கேட்கிறான், சோதிக்கிறான், முடிவில் அருள்கிறான். கண்ணப்பரின் கை தடுக்கப்படுகிறது. சிறுத்தொண்டரின் மகன் ஓடி வருகிறான். சுவிசேஷத்தின் அடுக்கு வேறு. அங்கே முதலில் தன்னைக் கொடுத்தவர் கடவுளே. சிலுவை நடந்து முடிந்த பிறகுதான் அடியவனுக்கு அழைப்பு வருகிறது. அவன் கொடுப்பது மறுமொழி. தன்னை வெறுத்துச் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லும் அந்த அழைப்பில், கொடுத்தது இவ்வுலகில் திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதல்ல என் வாதம். இரண்டும் வெவ்வேறு நாடகங்கள் என்பதைக் காணாத திறனாய்வு, நகல் என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

தொடக்க காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் மந்திரங்களும் போதனையும் அடங்கிய சிறுநூல். அதன் ஆசிரியர் அன்றிக் அடிகளார் 1586இல் அச்சிட்ட அடியார் வரலாறு அறுநூறு பக்கங்களைத் தாண்டியது. கிறிஸ்துவுக்காக உயிரையும் உடைமையையும் விட்டவர்களின் கதைகளே தமிழ் அச்சின் முதல் பெருநூலாயின என்பதை நம் இலக்கிய வரலாறுகள் அச்சுக்கலைச் செய்தியாக மட்டும் குறித்துச் செல்கின்றன. 1606இல் மதுரை வந்த மிஷனரி தத்துவ போதகர் உரைநடையில் தர்க்கம் வளர்த்தார். நூறாண்டுக்குப் பின், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சில் தந்தார். இவர்கள் ஒப்புக்கொடுத்தல் என்பதை விளக்கினார்கள். அதைப் பாடக்கூடிய தமிழ் இன்னும் கைவரவில்லை.

அந்தத் தமிழ் வீரமாமுனிவரிடம் வந்தது. 1726இல் அவர் முடித்த தேம்பாவணியின் 36 படலங்களில், 3,615 விருத்தங்களில், நாட்டு வளமும் நகர் வளமும் தேவைக்கு மேல் இடம் பிடித்துக்கொள்வது உண்மை. ஆனால் அவர் தேர்ந்த தலைவனைப் பாருங்கள். போர் செய்யாத, சுவிசேஷங்களில் ஒரு சொல்லும் பேசாத தச்சன் சூசை, ‘வளன்’ என்ற பெயரில் காப்பியத் தலைவனாகிறான். தனதல்லாத குழந்தைக்காக ஊர்விட்டு ஊர் ஓடி, உழைத்து, ஓசையின்றி இறப்பவனைப் பாட்டுடைத் தலைவனாக்கிய துணிவு மகத்தானது. அதே கவிஞர் கித்தேரி அம்மானையில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட கன்னியின் கதையை எளிய மக்கள் பாடும் நடையில் தந்தார். பின்னாளில் வழக்கில் வென்றது இந்த இரண்டாம் வழிதான். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரும், 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையும் மக்கள் நினைவில் வேதசாட்சிகளாக நிலைத்தார்கள். தேவசகாயத்தின் கதை ஊர்ப்புறங்களில் நாடகமாக ஆடப்பட்டது. 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது. இந்த இரத்தத்தைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமை இல்லை. எனினும் வேதசாட்சி இலக்கியம் ஒரு வசதியைத் தந்துவிடுகிறது. தியாகம் என்பது என்றோ, யாரோ, ஒரே நாளில் செய்து முடித்தது என்று கேட்பவர் கண்கலங்கி வீடு திரும்பலாம். தன்னிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்று நிம்மதியும் கொள்ளலாம்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் (1774–1864) சிக்கல் கூர்மையாகிறது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியோடு படித்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்றும் சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகளில் அவருடையவை தனி ஒளி கொண்டவை. மன்னனின் ஆதரவில் இருந்தும் அவன் விருப்பப்படி பிற தெய்வத்தைப் பாட மறுத்தார் என்பது அவர் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்க முனைந்தபோது எதிர்த்து நின்றார். அந்த எதிர்ப்புக்குத் தமிழ்ச் சபை இன்றளவும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அதே போராட்டத்தில், திருவிருந்திலும் இருக்கையிலும் சாதி வேறுபாட்டைக் காக்கும் தரப்புக்கும் அவர் வாதாடினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி இருக்கக்கூடாது என்று எழுதியபோது, தஞ்சைச் சபைகளில் பலர் சாதியை விடுவதைக் காட்டிலும் சபையையே விடத் துணிந்தார்கள். கவிதையைப் பார், கவிஞனைப் பார்க்காதே என்பார்கள். காதற்பாட்டுக்கு அந்த விதி பொருந்தலாம். தன்னை முழுதும் தருகிறேன் என்று கடவுளிடம் சொல்லும் பாட்டுக்கு, தராமல் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்பது அந்தப் பாட்டே எழுப்பும் கேள்வி. சாஸ்திரியாரின் கண்ணீர் போலி என்று நான் நினைக்கவில்லை. உண்மையான கண்ணீரும் ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கக்கூடும் என்பதற்கு அவரை விடத் துயரமான சான்று நம்மிடம் இல்லை.

ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளையை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். 1827இல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். அக்காலத்தில் அப்படிப்பட்டவர் மதம் மாறுவது என்றால் உறவின் பந்தியில் இடமும், ஊர் மதிப்பும், புலவர் கூட்டத்தின் நன்மதிப்பும் ஒரே அடியில் கேள்விக்குள்ளாகும். உயிர் போகவில்லை; உயிரோடிருந்து ஒவ்வொரு நாளும் கொடுக்க வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அந்த வாழ்வை வாழ்ந்த பிறகே 1894இல் இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது. ஜான் பன்யன் எழுதிய பயணக் கதையின் மொழிபெயர்ப்பு, கம்பனின் எதிரொலி என்று இதைக் கைகழுவுவோர் நூலைத் திறந்து பார்ப்பது நல்லது. பன்யனின் பயணி சிலுவையருகே வந்ததும் முதுகுச் சுமை தானாகக் கழன்று விழுகிறது. அக்காட்சி சில வரிகளில் முடிகிறது. கிருஷ்ண பிள்ளை அந்த இடத்தில் நிற்கிறார். கிறிஸ்துவின் பாடுகளைத் தனிப் படலமாகவே விரிக்கிறார். அடியவன் நடப்பதற்கு முன் ஆண்டவர் நடந்த வழி சொல்லப்பட வேண்டும் என்ற இந்த முடிவு பன்யனிடமும் இல்லை, கம்பனிடமும் இல்லை. காப்பியத்தின் அச்சே இதுதான். கதை நடுவே அவர் வைக்கும் தேவாரப் பதிகங்கள் யாத்திரிகனின் நடையை நிறுத்தி, அவன் எதற்காக நடக்கிறான் என்பதைப் பாடச் செய்கின்றன.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 3,600க்கு மேற்பட்ட பாடல்களில் சமயக் கண்டனம் அலுப்பூட்டும் இடங்கள் உண்டு. உருவகப் பாத்திரங்கள் சில எலும்புக்கூடுகளாகவே நிற்கின்றன. காப்பியத்தை விட, இறப்பதற்கு ஓராண்டு முன்பு 1899இல் வெளியிட்ட இரட்சணிய மனோகரமே அவருடைய முழுக்குரல் என்பேன். அதில் கதையும் இல்லை, எதிராளியும் இல்லை. தன் பாவத்தை அலங்காரம் இன்றிச் சொல்லி, பாடுபட்டவரின் காயங்களைப் பார்த்து, இனித் தனக்கென்று ஒன்றும் இல்லை என்று நிற்கும் எழுபது வயது முதியவர் மட்டும் இருக்கிறார். நம்மாழ்வாரின் ஏக்கம் இந்தப் பாடல்களில் கேட்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஏக்கம் இங்கே நன்றிக்கடனாக மாறியிருக்கிறது. தேடிச் சென்று அடையும் பக்தி ஒன்று. தேடி வந்தவருக்கு ஈடு கொடுக்க முடியாமல் தன்னையே கொடுக்கும் பக்தி மற்றொன்று. நகல் என்போர் காணத் தவறுவது இதைத்தான்.

இதே காலத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேறு வழியில் நடந்தார். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனை எந்தச் சமயத்தாரும் பாடக்கூடியது. அதனாலேயே கிறித்தவ இலக்கிய வரலாறு எழுதுவோர் அவரை வாசற்படியில் நிறுத்திவிடுகிறார்கள். 1876–78 பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்ததையும், அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடியதையும் இசை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நந்தனைப் பாடிய சைவர் ஒரு கத்தோலிக்கரைப் பாடினார் என்றால், பக்தியின் உண்மையை அவர் எந்தச் சான்றால் அறிந்தார் என்பது தெளிவு.

ஆனால் நம் வரலாறுகளின் பெரிய இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. 1799இல் நெல்லைச் சீமையில், துன்புறுத்தப்பட்ட புதிய விசுவாசிகளின் அடைக்கலமாக முதலூர் உருவானது. மயிலாடியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம் தாமே தேடிச் சென்று விசுவாசத்தைக் கண்டடைந்தார். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வர அவரே காரணமானார். அதே தென் திருவிதாங்கூரில், மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்காகப் பெண்கள் தெருவிலும் சந்தையிலும் அவமானப்படுத்தப்பட்டார்கள்; பள்ளிகளும் ஆலயங்களும் எரிக்கப்பட்டன; 1859இல்தான் அதை அனுமதிக்கும் அரச பிரகடனம் வந்தது. இவர்கள் சலுகைக்காகச் சேர்ந்தவர்கள், இழக்க ஒன்றுமில்லாதவர்கள் என்ற பழைய ஏளனம் இன்னும் புழங்குகிறது. சலுகை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அடி வந்துவிட்டது. குடிசையும் கூலியும் மட்டுமே உள்ளவர் அவற்றை இழக்கத் துணிவது, மாளிகை உள்ளவர் மாளிகையை இழப்பதை விடச் சிறியது என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையின் கதை நேர்மாறாகவே சொல்கிறது. இவர்களைப் பற்றிக் காப்பியம் இல்லை. மிஷன் அறிக்கைகளில் எண்ணிக்கையாகவும், சபை நினைவுகளில் பெயர்களாகவும் சிதறிக் கிடக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் இந்த ஒப்புக்கொடுத்தல் மரபை மருத்துவப் பணியாகவும் கதராகவும் எளிய உணவாகவும் மாற்றியது. அதன்பின் பக்திப் பாட்டின் திசை மெல்லத் திரும்பியது. இன்று ஒலிப்பதிவுகளில் வரும் பாடல்களில் பெரும்பகுதி ஆசீர்வாதம், உயர்வு, வெற்றி பற்றியவை. ஏழைகள் விடுதலை கேட்டு மன்றாடுவதில் என்ன பிழை என்று கேட்கிறார்கள். பிழை இல்லை, சங்கீதங்களும் கேட்கின்றன. கேட்பது மட்டுமே மிஞ்சி, கொடுப்பது பாட்டிலிருந்தே மறைந்துபோவதுதான் வறுமை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றும் உண்டு: தியாகம் என்ற சொல்லைக் காட்டியே வீட்டுப் பெண்களையும் கீழ்நிலை ஊழியர்களையும் சகித்துக்கொள்ளச் சொல்லி வந்திருக்கிறார்கள், அந்தச் சொல்லை மீண்டும் உயர்த்தலாமா? இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். பிறர் மேல் சுமத்தும் தியாகம் தியாகம் அல்ல, சுரண்டல். கிறிஸ்து யாரையும் தமக்குப் பதிலாகச் சிலுவைக்கு அனுப்பவில்லை. ஆகவே ஒப்புக்கொடுத்தலைப் பிரசங்கிப்பவர் முதலில் தம்மிடம் உள்ள அதிகாரத்தையும் சாதியையும் சொத்தையும் வைத்துத் தொடங்க வேண்டும். சாஸ்திரியாரின் கீர்த்தனையை இசைத்தட்டில் கேட்டு உருகும் சபை, தன் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி வைத்திருந்தால், அவர் பூட்டிய அறையை அதுவும் பூட்டியே வைத்திருக்கிறது.

எனவே இந்தத் துறையில் அடுத்து நடக்க வேண்டிய வேலை தெளிவானது. செய்யுள் வடிவங்களைப் பட்டியலிட்டு ஒப்பிடும் ஆய்வுகள் போதும். மனோகரத்தைக் காப்பியத்தின் நிழலிலிருந்து வெளியே எடுத்து நல்ல உரையோடு பதிப்பிக்க வேண்டும். மாயூரத்தாரை வாசற்படியிலிருந்து உள்ளே அழைக்க வேண்டும். முதலூரின், மயிலாடியின், தோள்சீலைப் பெண்களின் சாட்சியங்களைத் திரட்டி, கிருஷ்ண பிள்ளைக்கு அருகிலேயே பக்தி இலக்கியமாக வாசிக்க வேண்டும். முழு இருதயத்தோடு கொடுத்தவர்கள் இம்மண்ணில் இருந்தார்கள். அவர்கள் கொடுத்ததைக் கணக்கெடுக்காத வரலாறு, எவ்வளவு பெரிய நூலாக இருந்தாலும், தமிழ்க் கிறித்தவ பக்தியின் வரலாறு ஆகாது.