கிடைக்காத பெயரையும் குறித்து வைக்கணும்

வெப்சர்வர் லாக்கில் பொதுவாக வந்தவரின் ஐபி முகவரி மட்டும்தான் இருக்கும். அதற்கான பெயரை வருகையின்போதே டிஎன்எஸ்ஸில் தேடினால் சர்வர் மெதுவாகும். அதனால்தான் அப்பாச்சி 1.3 முதல் அந்த வசதி அணைத்தே வருகிறது. பெயர் தேடுவது, பிறகு லாக்கை அலசும் ஸ்கிரிப்டின் வேலை.

இதற்குப் பைத்தானில் பலரும் சொல்லும் வழி ரொம்ப எளிது. பெயர் தேடும் ஃபங்ஷனுக்கு மேலே 'எல்ஆர்யூ கேஷ்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அவ்வளவுதான் என்பார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஸ்கிரிப்ட் முன்போலவே ஊர்ந்தது.

காரணம் இரண்டு. எதுவும் சொல்லாமல் விட்டால் அந்தக் கேஷ் 128 விடைகளை மட்டுமே வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான முகவரிகள் கலந்து வரும் லாக்குக்கு அது எம்மூலைக்கு? இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. பெயர் கிடைக்காதபோது ஃபங்ஷன் எக்செப்ஷன் எழுப்பும். எக்செப்ஷனை இந்தக் கேஷ் சேமிப்பதே இல்லை. அதாவது, சட்டென்று கிடைக்கிற பெயரை நினைவில் வைக்கிறது. காக்க வைத்துக் கையை விரிக்கிற முகவரியை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் ஒரு முயற்சிக்கு 5 நொடி, மொத்தம் 2 முயற்சி. பதிலே வராத ஒரு முகவரி லாக்கில் 600 முறை வந்தால், கணக்குப்படி 100 நிமிஷம் வரை வீண்.

சரி, தோல்வியையும் சேமித்துவிடலாம். ஆனால் நிரந்தரமாக அல்ல. கூகுள்பாட் நிஜமானதா என்று பார்க்க, முகவரியிலிருந்து பெயரும், அந்தப் பெயரிலிருந்து மறுபடி முகவரியும் தேடச் சொல்கிறது கூகுள். ஒரு நிமிஷ நெட்வொர்க் கோளாறில் விழுந்த தோல்வியைக் காலத்துக்கும் நம்பினால், நிஜமான பாட்டையே போலி என்று தடுத்துவிடுவோம். அப்புறம் தேடலில் தளம் காணாமல் போனால் யாரை நோவது?

1995-இல் ஸ்டீஃபன் டர்னர் எழுதத் தொடங்கிய 'அனலாக்' இதை யோசித்திருக்கிறது. விடைகளை ஃபைலில் எழுதி வைக்கும். கிடைத்த பெயருக்கு ஒரு காலக்கெடு, கிடைக்காததற்குத் தனியாக இன்னொன்று. இரண்டையும் நாமே மாற்றலாம்.

ஒற்றை வரித் தீர்வில் இல்லாமல் போனது இந்த இரட்டைக் கெடுதான். என் ஸ்கிரிப்டில் இப்போது முகவரி, பெயர், தேடிய நேரம் என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு ஃபைல் இருக்கு. பெயர் கிடைக்காவிட்டால் அந்த இடம் காலி. காலியான வரிகள் ஒரே நாளில் காலாவதியாகும்.