கடல் கடந்த கூட்டும் கதவுக்கு வெளியே நின்றவர்களும்

ஹெவ்லொக் டவுனிலிருந்து காலி வீதிக்கு இறங்கிப் பம்பலப்பிட்டிப் பக்கம் திரும்பினால், பழையதும் புதியதுமாக இரண்டு கதிரேசன் கோயில்கள். ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இந்தப் பக்கம்தான் ஊர்வலமாக வந்து தங்கும். கூடுகிற சனம் முருகனைக் கும்பிட வருகிற சனம். இவற்றைக் கட்டி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கோ கோயில் என்பது கும்பிடும் இடமாக இருந்த அளவுக்கு வியாபாரம் பேசித் தீர்க்கும் இடமாகவும் இருந்தது. கொழும்பு, ரங்கூன், மௌல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்கள் கடை விரித்த துறைமுகங்களில் எல்லாம் ஒரு முருகன் கோயில் எழுந்ததற்குப் பக்தி ஒரு காரணம், கணக்கு மற்றொரு காரணம்.

ஒத்த தொழில் செய்வோர் கூட்டுச் சேர்ந்தால் கடல் தாண்டலாம், நெடுங்காலம் நிலைக்கலாம் என்பது இன்று வர்த்தகச் சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். அதன் முதற்பாதி உண்மை என்பதற்கு நகரத்தாரைவிடப் பெரிய சாட்சி தமிழரிடம் இல்லை. இரண்டாம் பாதி அவர்களுக்கு ஏன் பொய்த்தது என்பதை நாம் போதிய அளவு பேசியதில்லை. கொழும்பின் இன்றைய ஏற்றுமதித் தொழில் ஒன்று அதே பலத்தோடும் அதே பலவீனத்தோடும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பழைய கதையை இப்போது எடுக்கிறேன்.

கிட்டங்கி என்ற ஏற்பாட்டைக் கிட்ட நின்று பார்த்தால் அந்தப் பலம் விளங்கும். ஒரு நீளமான கூடம். தரையில் பாய். சாய்ந்த மேற்பலகை கொண்ட சிறு மரப்பெட்டி ஒன்றை முன்னால் வைத்து, பக்கத்தில் இரும்புப் பெட்டியோடு, ஒவ்வொரு விலாசத்தின், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடை நிறுவனத்தின், ஆளும் சில அடி இடத்துக்குள் உட்கார்ந்திருப்பார். பகலில் அது வங்கி, இரவில் அதுவே படுக்கை. அடுத்த பாயில் இருப்பவர் போட்டிக்காரர். ஆனால் மாலையில் பணம் குறைந்தால் கடன் கேட்கிற ஆளும் அவரே. விலாசங்களுக்கு இடையிலான இந்தக் கைமாற்றுக்கு ஈடு கிடையாது. வட்டியை எவரும் தனியாக நிர்ணயிக்கவும் முடியாது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி, அந்த மாதத்துக்கான ‘நடப்பு வட்டி’யை எல்லோருமாக முடிவு செய்தார்கள். ஒரு விலாசத்தில் தேங்கிய பணம் இன்னொரு விலாசத்தின் தட்டுப்பாட்டைத் தீர்த்தது. மத்திய வங்கி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு சமூகம் தனக்கென்று ஒரு பணச்சந்தையை உண்டாக்கி நடத்தியிருக்கிறது.

ஆள் வளர்த்த முறை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகி, மூன்றாண்டுத் தவணையில் கடல் தாண்டிப் போவான். தவணை முடிந்து திரும்பும்போது கணக்கு ஒப்படைத்து இலாபத்தில் பங்கு பெறுவான். பணக்கார முதலாளியின் மகனும் இன்னொருவர் கடையில் வேலை பழகிய பிறகே சொந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தான். இதனால் ஒரு விலாசம் முடங்கினாலும் அதன் அனுபவம் வீணாகவில்லை. அதைச் சுமந்த ஆள் அடுத்த விலாசத்துக்குப் போனான். நிறுவனத்தின் அறிவு ஒரு தலைமுறையோடு முடியாமல் பார்த்துக்கொள்ள இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை இன்றைய பெரிய கம்பனிகளில் நான் காணவில்லை.

மகமையையும் சொல்ல வேண்டும். இலாபத்தைப் பார்த்த பிறகு மனம் வந்தால் கொடுக்கும் நன்கொடையாக அது இருக்கவில்லை. வியாபாரத்தின் அளவைப் பொறுத்து, கணக்கிலேயே எழுதி ஒதுக்கிய தொகை. கோயில், சத்திரம், பாடசாலை எல்லாம் அதில் நடந்தன. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று இன்று தனி இலாகா வைத்துச் செய்வதை அவர்கள் ஐந்தொகையின் ஒரு வரியாக வைத்திருந்தார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போனது என்பதற்குப் பர்மாவே அளவுகோல். 1929–30இன் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அங்கே சுமார் 1,650 செட்டியார் விலாசங்களையும், ஏறக்குறைய 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது. ஐரோப்பிய வங்கிகள் திரும்பியும் பார்க்காத ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிக்கு விதைப்புக் காலத்தில் பணம் கொடுத்தவர்கள் இவர்கள். உலகின் மிகப் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாகப் பர்மா எழுந்ததில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. அதைக் கொடுவட்டி என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது அநியாயம்.

கொழும்பில் கதை கொஞ்சம் வேறு. கோட்டையிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் இலங்கையருக்கு நேரே கடன் கொடுக்கத் தயங்கின. வங்கியின் இடைத்தரகரான சிறாப்பர் உத்தரவாதம் நிற்க, செட்டியார் வங்கியில் வாங்கி, தென்னந்தோட்டக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தார். 1925இல் பெரிய விலாசம் ஒன்று முறிந்தது. வங்கிகள் அந்த ஒரு விலாசத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை, சமூகம் முழுவதற்குமான கடனை இறுக்கின. செட்டியார்கள் தங்கள் கடன்காரரை இறுக்கினார்கள். தோட்டங்கள் கைமாறின. ஒருவருக்கொருவர் ஈடின்றிக் கொடுத்ததே இவர்களின் பலம். எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்ததால் ஒருவர் விழுந்தபோது மற்றவர் நிற்க முடியவில்லை. கூட்டுக்குள் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டில் உள்ள எல்லோரும் ஒரே பண்டத்தையும் ஒரே வங்கிக் கடனையும் நம்பியிருந்தால், பகிர்வதற்கு ஆபத்தைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

பெரிய அடி 1930இல் விழுந்தது. உலகச் சந்தையில் நெல் விலை சரிய, பர்மிய விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. செட்டியாருக்கு வேண்டியது பணம், வந்து சேர்ந்தது நிலம். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத விளைநிலம் அவர்கள் கையில் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதமானது. விரும்பி வாங்கிய நிலமல்ல என்று அவர்கள் சொன்னது உண்மை. உழுதவனுக்கு அந்த உண்மையால் என்ன பயன்? நடப்பு வட்டியைப் பேசிய மாதக் கூட்டத்தில், அந்த வட்டியைக் கடைசியில் கட்டுகிறவனுக்கு ஒருநாளும் இடமில்லை. அவன் கஷ்டம் கணக்கில் வராக்கடனாக மட்டுமே பதிவானது. 1942இல் ஜப்பானியர் வந்தபோதும், 1948இல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியபோதும், 1963இல் கடைகளும் போனபோதும், இவர்களுக்காகப் பேச அந்த மண்ணில் ஆள் இல்லாமல் போனது தற்செயல் அன்று.

இலங்கையில் அதே வேலையைச் சட்டம் சத்தமில்லாமல் செய்தது. கடனுக்கு மாற்று வழி தேடி 1934இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1941இல் கடன் இணக்கச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைச் சட்டமும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் மிச்சத்தை முடித்தன. அவற்றில் இனவாதம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு இழைத்தது வரலாற்றுக் கொடுமை. ஆயினும் செட்டியாரின் கடையைக் காப்பாற்ற அவரிடம் கடன் வாங்கிய இலங்கையன் எவனும் குரல் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கூட்டுக்குள்ளும் ஒரு கதவு மூடியிருந்தது. விலாசங்களின் முதலில் பெண்களின் சீர்ப்பணம் கணிசமாகக் கிடந்தது. பெண்கள் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தார்கள், கணவன்மார் மூன்றாண்டுத் தவணையில் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். பணம் போட்டவர்களில் இத்தனை பேருக்குக் கோயில் கூட்டத்தில் சொல் இல்லாத அமைப்பைக் கூட்டுறவு என்று முழு மனதோடு அழைக்க எனக்கு வரவில்லை.

தப்பியவை எவை? எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பெப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தார். விலாசத்தின் அனுபவத்தை எடுத்து, யார் வேண்டுமானாலும் பணம் போடக்கூடிய, சட்டத்துக்குக் கணக்குக் காட்டுகிற கூட்டுப் பங்கு வங்கியாக்கினார். ரங்கூன் போனாலும் வங்கி இருந்தது. 1900இல் மௌல்மேனில் தொடங்கிய முருகப்பா குடும்பம் யுத்தத்துக்கு முன்பே முதலைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி, லேவாதேவியிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியது. இவை தனி மனிதரின் முன்யோசனையால் நடந்தவை. கடல் தாண்டக் கூட்டாக வழி கண்டவர்கள், திரும்பி வரக் கூட்டாக ஒரு வழியும் வகுத்திருக்கவில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன இன்றைய ஏற்றுமதித் தொழிலைப் பார்க்க ஹெவ்லொக் வீதிக்கு வருவோம். ஹெவ்லொக் சிட்டி என்ற பெயரில் மாடிக் குடியிருப்புகளும் அலுவலகக் கோபுரமும் நிற்கிற காணி, ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்துக்குக் கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கினார். இரண்டு ஆண்டில் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சிக்கு அந்தப் போராட்டம் ஒரு முன்னுரை. ஆலை போய்விட்டது. துணித்தொழில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்த 1978க்குப் பிறகு ஆடை ஏற்றுமதியாக உருமாறி, நாட்டின் பெரிய அந்நியச் செலாவணி ஊற்றாகியிருக்கிறது.

இந்தத் தொழிலும் கூட்டாகவே கடல் தாண்டியது. பல்லிழை உடன்படிக்கையின் கோட்டா 2005 ஜனவரி 1இல் முடிந்தால் சீனாவுக்கு முன் இலங்கை நிற்காது என்று பலர் கணித்தார்கள். 2002இலேயே ஐந்து சங்கங்கள் சேர்ந்து ‘ஜாஃப்’ எனப்படும் ஒன்றிணைந்த ஆடைச் சங்கங்களின் பேரவையை அமைத்தன. விலையில் போட்டியிட முடியாதென்று தெரிந்து, சிறுவர் உழைப்பற்ற, மனச்சாட்சி உறுத்தாத ஆடை என்ற பெயரை 2006இலிருந்து ஒரே குரலில் சந்தைப்படுத்தின. தொழில் நின்றது, வளர்ந்தது. எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் போன்ற கம்பனிகள் வெளிநாடுகளிலும் ஆலை போட்டன. விசாகப்பட்டினத்துக்கு அருகே அச்சுதாபுரத்தில் பிராண்டிக்ஸ் அமைத்த ஆடை நகரம் ஓர் உதாரணம். சூழல் விஷயத்திலும் சாதனை உண்டு. 2008இல் துல்ஹிரியவிலும் சீதுவையிலும் பசுமை ஆலைகள் எழுந்தன. 2019இல் மட்டக்களப்பு ஆலை ஒன்று நிகர கார்பன் பூச்சியம் என்ற சான்று பெற்றது. யுத்தம் முடிந்த கிளிநொச்சியில் ஆலை திறந்தபோது, வேறு வருமானமே இல்லாத வீடுகளுக்குள் மாதச் சம்பளம் போனது. அதன் மதிப்பை வன்னியைத் தெரிந்தவர் எவரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் பழைய இரண்டு குறைகளும் அப்படியே இருக்கின்றன. ஒன்று, எல்லோரும் ஒரே கயிற்றில் இருப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியபோது தொழில் முழுவதும் ஒன்றாக அடிவாங்கியது. சலுகை 2017 மே மாதம்தான் திரும்பியது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரி அறிவித்த நாளிலிருந்து அது 20 சதவீதமாகக் குறையும்வரை, ஒரே சந்தையை நம்பிய அத்தனை ஆலைகளும் ஒன்றாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மற்றது, கதவு. பேரவையின் ஐந்து சங்கங்களும் ஏற்றுமதியாளரும் கொள்வனவு அலுவலகங்களும் சேர்ந்தவை. தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஒரு ஆலையின் கார்பனைத் தராசு வைத்து அளக்கிறோம். அதே ஆலையில் வேலை செய்கிறவள் போடிங் வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடிகிறது என்பதை அப்படி அளந்து வெளியிடுவதில்லை. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆலையில் கொரோனா பரவியபோது, நெருக்கமான போடிங் அறைகளில் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நாடே அன்றுதான் கண்டது.

நாற்காலி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே ஆண்டில் ஒரு சான்று கிடைத்தது. ஓடர்கள் இரத்தான 2020 மே மாதம் அரசு, முதலாளிமார், தொழிற்சங்கம் என்ற முத்தரப்பு மேசையில் ஓர் உடன்பாடு வந்தது. வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபாய், இரண்டில் எது கூடவோ அது. சிறிய தொகைதான், ஆனாலும் அது இல்லாவிட்டால் வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பார்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 17,500இலிருந்து 27,000 ரூபாயானதும் சட்டத்தால் நடந்ததே தவிர, முதலாளிமார் கூட்டின் உள்ளிருந்து வரவில்லை.

என் தீர்ப்பு இதுதான். சந்தை பிடிக்கவும் பணம் புரட்டவும் ஆள் வளர்க்கவும் கூட்டுக்கு நிகரான கருவி இல்லை. அந்த வகையில் நகரத்தார் முறையிலிருந்து கற்க இன்னும் நிறைய உண்டு. நிலைத்திருத்தல் வேறு விஷயம். தன் விலையைக் கடைசியில் யார் கட்டுகிறாரோ அவரை வெளியே நிறுத்திய கூட்டு, நெருக்கடி வரும்போது தனித்துப்போகும். டொரொண்டோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் நம்மவர் இப்போது முதலீட்டுக் கூட்டுகள் அமைப்பது பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் யாப்பு எழுதும்போதே தொழிலாளிக்கும் கடன்காரருக்கும் பெண்களுக்கும் வாக்குள்ள இடத்தை எழுதிவைக்க வேண்டும். ஆடைப் பேரவை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து சங்கங்களோடு ஆறாவதாக ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதித்துவத்தை, வலயங்களின் பெண் தொழிலாளரிலிருந்தே தெரிவுசெய்து, அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கே அழைக்கட்டும்.