இது யாருடைய கண்?

பேய்ப் படத்தில் அதிகம் செலவு வைக்கும் ஆசாமி பேய்தான். மேக்கப், கிராஃபிக்ஸ், கயிறு கட்டித் தூக்குவது என்று பட்ஜெட்டை அதுவே தின்றுவிடும். கையில் காசில்லாத இயக்குநர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பேயைக் காட்டாதே, பேய் பார்ப்பதைக் காட்டு. கேமராவே பேயாகிவிட்டால் சம்பளம் கிடையாது, கால்ஷீட் தொல்லையும் கிடையாது.

சினிமாக்காரர்கள் பி.ஓ.வி. ஷாட் என்பது இதைத்தான். ஒரு பாத்திரத்தின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைத்து, அந்தப் பாத்திரம் பார்ப்பதையே நமக்கும் காட்டுவது. எல்லா வகைப் படத்திலும் இது உண்டு என்றாலும், சின்ன பட்ஜெட் திகில் படத்திலும் குறும்படத்திலும் பாதி பாரத்தை இதுதான் சுமக்கிறது. அலறிவிட்டு மறந்துபோகிற இந்த ஷாட்டை ரசித்துப் பார்க்க ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இது யாருடைய கண்? பதில் தெரிந்தால் ஒரு பயம், தெரியாவிட்டால் வேறொரு பயம். தெரியும் என்று நம்பியிருந்து அது பொய்யாகிப்போனால், இரண்டையும்விடப் பொல்லாத பயம்.

கண்ணின் சொந்தக்காரர் தெரியும்போது

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில், காணாமல்போன தன் சகோதரியைத் தேடிவரும் லைலா, மேட்டில் இருக்கும் அந்த வீட்டை நோக்கித் தனியாக ஏறிப்போவாள். முதலில் அவள் முகம், அடுத்து அவள் பார்க்கும் வீடு, மறுபடி முகம், மறுபடி வீடு. முகத்தைக் காட்டும்போது கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே போகும். வீட்டைக் காட்டும்போது முன்னேறும். ஒவ்வொரு கட்டிலும் வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகும். அவள் விரும்பித்தான் நடக்கிறாள். நாம்தான் இழுத்துக்கொண்டு போகப்படுகிறோம்.

பார்க்கும் முகம், பார்க்கப்படும் பொருள், பார்த்தபின் மாறும் முகம். பி.ஓ.வி.யின் அரிச்சுவடி இவ்வளவுதான். திகில் இயக்குநரின் திறமை, இதில் எந்த இடத்தில் நம்மைக் காக்கவைக்கிறார் என்பதில் இருக்கிறது. முகம் மாறிவிட்டது, எதைப் பார்த்து மாறியது என்று இன்னும் காட்டவில்லை. அந்த இடைவெளியில் நாமே ஒரு பேயைத் தயாரித்துவிடுகிறோம், நம் செலவில்.

ஸ்வீடனில் டேவிட் எஃப். சாண்ட்பெர்க் தன் வீட்டிலேயே, மனைவி லோட்டா லாஸ்டனை நடிக்கவைத்து எடுத்த ‘லைட்ஸ் அவுட்’ (2013) குறும்படம் மூன்று நிமிடம்கூட ஓடாது. படுக்கப்போகும் ஒரு பெண் விளக்கை அணைக்கிறாள். நடைபாதையின் கோடியில் யாரோ நிற்பதுபோல் ஒரு கரிய உருவம். விளக்கைப் போட்டால் யாரும் இல்லை. அணைத்தால் நிற்கிறது. போட்டால் இல்லை. அவள் பார்க்கும் திசையில்தான் நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த முறை அணைக்காதே என்று மனம் சொல்கிறது, அவள் விரலோ சுவிட்சின் மேலேயே இருக்கிறது. ஒருமுறை அணைக்கும்போது உருவம் கோடியில் இல்லை, எதிரிலேயே நிற்கிறது. மறுபடி எரிந்த விளக்கு அணைந்துவிடாதபடி சுவிட்சுக்கு டேப் ஒட்டிவிட்டுப் போய்ப் படுக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் சாண்ட்பெர்க் சாமர்த்தியமான காரியம் செய்கிறார். பயத்தில் அவள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். இதுவரை நமக்குக் கடன் கொடுத்திருந்த கண்ணைப் பிடுங்கிக்கொண்டார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்துக்குக் காது மட்டும்தான். ஒரு சுவிட்ச், ஒரு நடைபாதை, ஒரு போர்வை. 2016இல் ஹாலிவுட் இதை முழுநீளப் படமாக்கி, இயக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தது.

தெரியாதபோது

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்து முடித்த படம். அதன் தொடக்கக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். யாரோ ஒருவர் ஒரு வீட்டை வெளியே நின்று பார்க்கிறார். ஜன்னல் வழியாக ஓர் இளம்பெண்ணும் அவள் காதலனும் தெரிகிறார்கள். மாடி விளக்கு அணைகிறது. பார்வை வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சமையலறைக்குள் நுழைகிறது. ஒரு கை நீண்டு டிராயரைத் திறந்து கத்தியை எடுக்கிறது. காதலன் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, மாடிப்படி ஏறி, தரையில் கிடக்கும் கோமாளி முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறது. அதிலிருந்து நமக்குத் தெரிவது இரண்டு ஓட்டைகள் வழியே தெரியும் உலகம் மட்டும். கூடவே மூச்சுச் சத்தம்.

கொலை நடக்கும்போது அந்தக் கண் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சாகிறவளை விட்டுவிட்டு, ஏறி இறங்கும் தன் கத்தியைத் திரும்பிப் பார்க்கிறது. ஒரு வசனமும் இல்லாமல் கொலைகாரனின் மனசு அந்த ஒரு திரும்பலில் தெரிந்துவிடுகிறது. பிறகு படியிறங்கி வாசலுக்கு வருகிறது. காரில் வந்திறங்கும் பெற்றோரில் அப்பா முகமூடியைக் கழற்றுகிறார். அங்கேதான் கேமரா முதன்முறையாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறது. கத்தியும் கையுமாக நிற்பது ஆறு வயதுப் பையன்.

நாலு நிமிடமும் ஒரே ஷாட் போலத் தோன்றும். முகமூடி மாட்டும் இருட்டில் ஒரு கட் ஒளிந்திருக்கிறது. நடந்துகொண்டே குலுங்காமல் எடுக்க உதவும் ஸ்டெடிகேமுக்குப் போட்டியாக பேனாவிஷன் நிறுவனம் கொண்டுவந்த பேனாகிளைட் என்ற கருவியால் எடுத்தது இது. நடையின் அசைவு இருக்கும், குலுக்கல் இருக்காது. அந்த மிதப்புதான் காட்சிக்கு மனிதத்தன்மை இல்லாத ஒரு குளிர்ச்சியைத் தருகிறது. டிராயரைத் திறக்கும் கை, படத்தின் தயாரிப்பாளரும் கார்பென்டரோடு சேர்ந்து கதை எழுதியவருமான டெப்ரா ஹில்லுடையது. சின்ன பட்ஜெட்டில் கைக்குக் கிடைத்த கைதான் கை. இன்னொரு தந்திரமும் உண்டு. கண்மட்டம் ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இல்லை, பெரியவர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப்படி தப்பு. அந்தத் தப்பு இல்லாவிட்டால் கடைசி அதிர்ச்சியும் இல்லை.

உடம்பே இல்லாத கண்

சாம் ரெய்மி ‘ஈவில் டெட்’ (1981) எடுப்பதற்கு முன், முதலீட்டாளர்களிடம் காட்டிப் பணம் திரட்டவே ‘விதின் தி வுட்ஸ்’ (1978) என்ற குறும்படத்தை சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்தார். முழுநீளப் படத்துக்குப் பணம் கிடைத்தது, ஸ்டெடிகேமுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரண்டு பேர் இரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பலகை நீளம் என்பதால், ஓடுகிறவர் காலின் உதறல் நடுவிலிருக்கும் கேமராவுக்குக் குறைந்துபோய்த்தான் வந்து சேரும். வைட் லென்ஸ் என்பதால் பக்கத்து மரமும் புதரும் முகத்தில் அடிப்பதுபோல் சீறிக்கொண்டு கடக்கும்.

இங்கே நம் கேள்விக்குப் பதில் கடைசிவரை கிடையாது. காட்டிலிருந்து பாய்ந்து வருவது எது, அதற்கு எத்தனை கால் என்று படம் சொல்வதே இல்லை. முடிவில் அது வீட்டுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து கதாநாயகன் மேல் மோதுகிறது. அவன் லென்ஸைப் பார்த்து அலற, படம் முடிகிறது. ‘ஹாலோவீன்’ கண் பதுங்குகிறது, இந்தக் கண் வேட்டையாடுகிறது. வேகம் ஒன்றே அதன் குணச்சித்திரம்.

ஸ்டீவன் சோடர்பெர்கின் ‘பிரசன்ஸ்’ (2024) இதே யோசனையைத் தலைகீழாக்குகிறது. முழுப் படமும் ஆவியின் கண்ணில்தான் நடக்கிறது. கேமராவைப் பிடித்து நடந்தவரும் இயக்குநரேதான். அந்த ஆவி யார்மேலும் பாய்வதில்லை. குடும்பம் போடும் சண்டையைப் பெரும்பாலும் ஓரமாக நின்று கேட்கிறது. நமக்கு வருவது பயத்தைவிடக் கூச்சம், அடுத்த வீட்டு விஷயத்தை ஒட்டுக்கேட்ட கூச்சம்.

பொய் சொல்லும் கண்

‘ஹாலோவீன்’ படத்தில் இன்னோர் இடம். முன்பு கொலை நடந்து, இப்போது பாழடைந்து கிடக்கும் அந்த வீட்டைத் தாண்டி, கதாநாயகி லாரி பாடிக்கொண்டே நடந்து போகிறாள். நாம் பின்னாலிருந்து பார்க்கிறோம், சாதாரண ஷாட்தான். சட்டென்று ஃபிரேமின் ஓரத்தில் ஒரு தோள் நுழைகிறது, மூச்சுச் சத்தத்தோடு. இவ்வளவு நேரமும் யாருடைய பக்கத்தில் நின்றிருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

குறும்படங்களிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜின் முதல் படம் ‘பீட்சா’ (2012). பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இருட்டு பங்களாவுக்குள் டார்ச்சோடு மாட்டிக்கொள்ளும் விஜய் சேதுபதி எதன்மேல் வெளிச்சம் அடிக்கிறாரோ அதுதான் நமக்குத் தெரியும். லைட்டிங் செலவும் மிச்சம், பயமும் லாபம். ஆனால் அந்த இரவின் கதையை அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறார், அது கட்டுக்கதை என்று பின்னால் தெரிகிறது. நாம் பார்த்ததை யாருமே பார்க்கவில்லை. மறுபடி பார்க்கும்போது டார்ச் வட்டம் அவர் கதை விடும் லாவகமாகத் தெரியும்.

பார்க்கும்போது

முதலில் உயரம். கேமரா நிற்பது நிற்கிறவர் கண்மட்டத்திலா, ஊர்கிறவர் மட்டத்திலா, விட்டத்திலா? பயப்படுகிறவரின் கண்ணும் பயமுறுத்துவதன் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் இயக்குநர் யோசிக்கவில்லை என்று பொருள்.

அடுத்து ஃபிரேமின் ஓரம். நமக்குத் தலையைத் திருப்பும் உரிமை இல்லை என்பதுதான் பி.ஓ.வி.யின் கொடுமை. கதவு வலப்பக்கம் இருக்கிறது, கேமரா இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் அது வேண்டுமென்றே செய்வது. நல்ல இயக்குநர் நடுவில் எதையும் வைக்காமல் உங்கள் கண்ணை ஓரத்துக்கு அலையவிடுவார்.

மூன்றாவது காது. மூச்சு, காலடி, துணி உரசல் இவைதான் கண்ணுக்கு உடம்பு கொடுப்பவை. ஒரு காட்சியை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எதில் அதிகம் பயந்தீர்களோ, அங்கேதான் அந்தப் படத்தின் பணம் போயிருக்கிறது.

நான்காவது, வெளியேறும் இடம். எப்போது அந்தக் கண்ணிலிருந்து நம்மை விடுவிக்கிறார்கள்? கை ஆட்டிக் கேமராவைக் குலுக்கி, டமால் என்று இசையைப் போட்டு முடிப்பது யாருக்கும் வரும். நூற்றில் தொண்ணூறு குறும்படங்கள் அங்கேதான் கவிழ்கின்றன. சொந்தக்காரரைக் காட்டும் அந்த ஒரு கட், முன்பு பார்த்த அத்தனையையும் மாற்றிப்போட வேண்டும். ஆறு வயதுப் பையன் நின்றானே, அப்படி. அப்படி மாற்றாவிட்டால், வெறுமனே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

இந்த வாரமே தொடங்கலாம். ‘லைட்ஸ் அவுட்’ இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘ஹாலோவீன்’ தொடக்கக் காட்சிக்குப் போங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு தமிழ்ப் பேய்ப் படத்தை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டிலும் கேளுங்கள், யாருடைய கண் என்று. சில படங்களில் பயம் தெளிந்துவிடும். அவற்றை விட்டுத்தள்ளுங்கள். கேட்கக் கேட்கப் பயம் கூடுகிற படம் எதுவோ, அதன் ஒளிப்பதிவாளர் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.